ஆறு கோப்பைகளும் சின்னம் இல்லாத ஒரு கறுப்பு உடையும்

கேள்வி இதுதான்: "என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயது முதல் நீந்துகிறாள், மாநில அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நீச்சல் பயிற்சியாளர் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, தங்கள் விளையாட்டுத் துறையின் ஆண்டறிக்கையையும் இணைத்திருக்கிறார். கோப்பைகள், பட்டம் பெற்றோர் சதவீதம், மாணவர் நலத் திட்டங்கள் என்று அறுபது பக்கம். இதை எப்படிப் படிப்பது? இதை நம்பி மகளை அனுப்பலாமா?"

அமெரிக்காவில் நடுத்தர அளவிலான பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறையில் ஒன்பது ஆண்டுகள் கல்வி ஆலோசகராக இருந்தேன். விளையாட்டு மாணவர்கள் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, போட்டிக்குப் போகும் வாரத்தில் தேர்வை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. உங்கள் கையில் இருப்பது போன்ற ஆண்டறிக்கைகளில் மூன்றுக்குக் கல்விப் பகுதியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் ஆண்டறிக்கை என்பது ஆண்டுக் கடைசியில் மிச்சம் இருப்பவர்களைப் பற்றியது. ஆகஸ்டில் பெட்டியோடு வந்து இறங்கி, அடுத்த மே மாதத்துக்குள் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போனவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. உங்கள் மகளைப் பொறுத்தவரை அந்தப் பகுதிதான் முக்கியம்.

வெறுமனே சொன்னால் விளங்காது. ஓர் உண்மையான ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

2018-19 கல்வியாண்டில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆறு தேசியக் குழுப் பட்டங்களை வென்றது. டிசம்பரில் மினியாபொலிஸில் நடந்த வாலிபால் இறுதிப் போட்டியில் பெண்கள் குழு நெப்ராஸ்காவை ஐந்து செட் வரை போராடி வென்றது. மார்ச்சில் பெண்கள் நீச்சல் குழு தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஏப்ரலில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு, அதுவரை அசைக்க முடியாமல் இருந்த ஓக்லஹோமாவை இறக்கியது. மே மாதம் மட்டும் மூன்று பட்டங்கள்: பெண்கள் டென்னிஸில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இருபதாவது தேசியப் பட்டம், பெண்கள் வாட்டர் போலோவில் சொந்தக் குளத்திலேயே 9-8 என்ற கணக்கில் ஒரு வெற்றி, மாதக் கடைசியில் ஆர்கன்சாவில் டெக்சாஸை 3-2 என்று வென்ற ஆண்கள் கோல்ஃப் குழு.

அந்த ஆண்டு முடிவில் டைரக்டர்ஸ் கோப்பையும் ஸ்டான்ஃபோர்டுக்கே வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒட்டுமொத்தமாகச் சிறந்த துறைக்குத் தரப்படும் கோப்பை அது. தேசியப் போட்டிகளில் ஒவ்வொரு குழுவும் பிடிக்கும் இடத்துக்கு ஏற்பப் புள்ளிகள் தந்து, கூட்டி, வரிசைப்படுத்துவார்கள். 1993-94இல் முதல் கோப்பையை வட கரோலினா பல்கலைக்கழகம் வென்றது. அதற்கு அடுத்த 25 ஆண்டுகள், ஓர் ஆண்டுகூட விடாமல், ஸ்டான்ஃபோர்டு வென்றது. 36 விளையாட்டுகளில் குழு வைத்திருந்த பல்கலைக்கழகம் அது. பெரிய விளையாட்டுத் துறைகளில் பாதி, இதில் பாதி எண்ணிக்கைக்கு மேல் நடத்துவதில்லை. துடுப்புப் படகு, வாள்வீச்சு, பாய்மரப் படகு என்று கூட்டமோ தொலைக்காட்சியோ எட்டிப் பார்க்காத விளையாட்டுகளிலும் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததுதான் அந்தத் துறையின் பெருமை. நான் அந்தப் பெருமையை முழு மனதோடு மதிக்கிறேன்.

இப்போது அதே ஆண்டில் நடந்த இன்னொன்று. 2019 மார்ச் 12 அன்று, பணக்காரப் பெற்றோர் பிள்ளைகளைக் குறுக்கு வழியில் கல்லூரிகளில் சேர்த்த வழக்கு அமெரிக்கா முழுவதும் வெடித்தது. விளையாட்டில் தேர்ந்தவர்கள் என்று பொய்யாகக் காட்டி இடம் வாங்கிக் கொடுத்ததுதான் அதன் மையம். ஸ்டான்ஃபோர்டின் பாய்மரப் படகுப் பயிற்சியாளர் ஜான் வாண்டமோர் அன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்காக வந்த பணத்தை அவர் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை; அது படகுக் குழுவின் கணக்குக்கே போனது. நீதிபதி அதைக் கருத்தில் கொண்டு, ஏற்கெனவே கழிந்துவிட்ட ஒரு நாள் சிறையும் ஆறு மாத வீட்டுக் காவலும் விதித்தார். அவர் செய்தது தவறுதான், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் சிறிய விளையாட்டு ஒன்றின் பயிற்சியாளர் மீது நிதி திரட்டும் பாரம் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் அந்த வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. இருபத்தைந்தாவது கோப்பை வந்த ஆண்டில், உள்ளே எந்தத் தூண் இற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

ஓராண்டுதான் போனது. 2020 ஜூலை 8 அன்று பதினொரு விளையாட்டுகளை அடுத்த பருவத்தோடு நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆண்கள், பெண்கள் வாள்வீச்சு, பெண்கள் ஹாக்கி, பெண்கள் இலகு எடைத் துடுப்புப் படகு, ஆண்கள் துடுப்புப் படகு, இரண்டு பாய்மரப் படகுக் குழுக்கள், பெண்கள் ஸ்குவாஷ், ஒத்திசைவு நீச்சல், ஆண்கள் வாலிபால், மல்யுத்தம். 240க்கும் மேற்பட்ட மாணவர்கள், 22 பயிற்சியாளர்கள். காரணமாகச் சொன்னது பணம்: கொரோனாவுக்கு முன்பே துறைக்கு ஆண்டுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை வரும் நிலை இருந்தது, இந்தப் பதினொன்றையும் நிரந்தரமாகக் காக்க 20 கோடி டாலர் தேவை என்று பல்கலைக்கழகத் தலைவர் முதல் விளையாட்டு இயக்குநர் வரை கையெழுத்திட்ட கடிதம் சொன்னது. அந்தப் பதினொரு குழுக்களும் சேர்ந்து ஈட்டிய தேசியப் பட்டங்கள் இருபது, ஒலிம்பிக் பதக்கங்கள் இருபத்தேழு என்று அதே கடிதமே பட்டியலும் போட்டது. ஏற்கெனவே கொடுத்த உதவித்தொகையை நிறுத்த மாட்டோம் என்றும் உறுதி தந்தார்கள். அது நல்ல உறுதிதான். ஆனால் பத்து வயதில் வாளைப் பிடித்த பெண்ணுக்கு, உதவித்தொகை இருக்கிறது, குழு இல்லை என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வந்த பருவத்தில்தான் நான் மறக்க முடியாத காட்சி நடந்தது. 2021 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் தேசிய மல்யுத்தப் போட்டி. 165 பவுண்டு எடைப் பிரிவின் இறுதிப் போட்டிக்கு ஸ்டான்ஃபோர்டின் ஷேன் கிரிஃபித் வந்தார். பல்கலைக்கழகத்தின் சிவப்பு உடை இல்லை. மேலிருந்து கீழ் வரை வெறும் கறுப்பு. மார்பில் சின்னமோ எழுத்தோ ஒன்றும் இல்லை. தன்னைக் கைவிட்ட நிறுவனத்தின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அந்த உடையிலேயே பிட்ஸ்பர்க் வீரரை வென்று தேசிய சாம்பியன் ஆனார். அந்த ஆண்டின் அறிக்கைக்கு அது இன்னொரு பட்டம். பட்டியலில் ஒரு வரி கூடும். அந்த வரியைப் படிப்பவருக்குக் கறுப்பு உடை தெரியாது.

முன்னாள் மாணவர்கள் திரண்டார்கள், பணம் திரட்டினார்கள், வழக்குகள் தொடுத்தார்கள். 2021 மே 18 அன்று பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. பதினொரு விளையாட்டுகளும் பிழைத்தன. போராடியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் இடைப்பட்ட பத்து மாதங்களில் எத்தனை பேர் வேறு கல்லூரி தேடிப் போயிருப்பார்கள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் ஸ்டான்ஃபோர்டு என்ற பெயரைப் பட்டியலிலிருந்து அடித்திருப்பார்கள் என்பது எந்தக் கோப்பைக் கணக்கிலும் வராது.

ஆகவே, உங்கள் கையில் இருக்கும் அறிக்கையின் முதல் இருபது பக்கங்களை, அதாவது கோப்பைப் பக்கங்களை, மகிழ்ச்சியோடு புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: நீச்சல் குழுவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நன்கொடையாளர் தந்த நிரந்தர நிதியின் வட்டியிலிருந்தா, அமெரிக்கக் கால்பந்து வருமானத்தின் மிச்சத்திலிருந்தா, மாணவர் கட்டணத்திலிருந்தா? பயிற்சியாளரிடம் நேராகக் கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தக் கேள்விக்கு இன்று இன்னும் எடை கூடியிருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஒரு சமரச உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கே நேரடியாகத் தரலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும் பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். உழைத்தவர்களுக்குக் கூலி கிடைப்பது நியாயம், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தோ எடுக்கப்பட வேண்டும். நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றின் பயிற்சியாளர்கள் இரவில் தூக்கம் இல்லாமல் இருப்பது அதனால்தான்.

அடுத்து கல்விப் பக்கம். "எங்கள் மாணவர்களில் 94 சதவீதம் பேர் பட்டம் பெறுகிறார்கள்" என்பதுபோல் ஓர் எண் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றார்கள் என்று பார்ப்பது அதன் அடிப்படை. ஆனால் நல்ல மதிப்பெண்ணோடு இருக்கும்போதே கல்லூரியை விட்டுப் போனவரை அந்தக் கணக்கு தோல்வியாகப் பார்ப்பதில்லை. அவரைச் சேர்ந்தோர் எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடும். வேறு கல்லூரிக்கு மாறியவர் மீது இந்தக் கல்லூரியைப் பழி சொல்லக் கூடாது என்பது அதன் நியாயம். நியாயம்தான். ஆனால் பயிற்சியாளரின் கடுமை தாங்காமல் போனவரும், தோள் காயத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்டுப் போனவரும், பாட்டி இறந்த துக்கத்தில் ஊர் திரும்பியவரும் அதே கதவு வழியாகத்தான் கணக்கை விட்டு மறைகிறார்கள். என்.சி.ஏ.ஏ.வின் உச்சப் பிரிவான முதல் பிரிவில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் சேர்த்தே இந்த விகிதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதனால் 94 என்பதைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசு கேட்கும் விகிதம் என்று வேறொன்று உண்டு. அதில் விட்டுப் போனவர் எல்லோரும் பட்டம் பெறாதவராகவே எண்ணப்படுவார். அது கடுமையான கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்து, இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், பலர் பாதியில் கிளம்பியிருக்கிறார்கள்.

இன்னொரு எண்ணும் இருக்கும், ஆயிரத்துக்கு இத்தனை என்று. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு புள்ளிகள்: கல்லூரியில் தொடர்ந்து இருந்தால் ஒன்று, படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று. குழுவின் நான்கு ஆண்டுச் சராசரி 930க்குக் கீழே போனால் தேசியப் போட்டியில் இடமில்லை. இந்த விதிக்குப் பல் இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்துக் குழு இதனாலேயே 2013இல் தேசியப் போட்டியில் ஆட முடியாமல் போனது. மறு ஆண்டே அந்தக் குழு திரும்பி வந்து தேசியப் பட்டத்தை வென்றது என்பதும், அந்த வெற்றியின் நாயகன் ஷபாஸ் நேப்பியர் "சில இரவுகளில் பசியோடு படுக்கப் போகிறேன்" என்று செய்தியாளர்களிடம் சொன்னார் என்பதும் சேர்ந்ததுதான் முழுக் கதை. பல்லாயிரம் பேர் பணம் கொடுத்துப் பார்க்க வரும் ஆட்டக்காரன் பசியோடு படுக்கிறான். அதே 2014 ஏப்ரலில், வீரர்களுக்கு அளவில்லாமல் உணவு தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. இன்று உங்கள் அறிக்கையில் "ஊட்டச்சத்து மையம்" என்று பளபளக்கும் படம் ஒன்று இருக்குமே, அதற்கு வழி திறந்தது அந்த விதி மாற்றம்தான்.

கல்வி உதவி என்ற சொல்லுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம் என்பதற்கு வட கரோலினாவைச் சொல்ல வேண்டும். முதல் டைரக்டர்ஸ் கோப்பையை வென்றதாகச் சொன்னேனே, அதே பல்கலைக்கழகம். 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில், வகுப்பே நடக்காத பாடங்கள் நடந்தன. பருவத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். மதிப்பெண் தாராளமாக விழும். 3,100 மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் விளையாட்டு மாணவர்கள். அவர்களை அந்தப் பாடங்களை நோக்கித் திருப்பிவிட்டவர்களில், அவர்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட ஆலோசகர்களும் இருந்தார்கள். என் தொழிலில் இருந்தவர்கள். 2014இல் அந்த விசாரணை அறிக்கை வெளிவந்தபோது எங்கள் அலுவலகத்தில் அன்று முழுவதும் யாரும் சரியாகப் பேசவில்லை. ஆகவே மதிப்பெண் சராசரியைப் பார்த்து மயங்காதீர்கள். குழுவில் இருப்பவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பாருங்கள். இருபத்தெட்டு பேரில் இருபது பேர் ஒரே பாடப்பிரிவில் இருந்தால், அந்தப் பாடப்பிரிவு பயிற்சி நேரத்துக்குத் தோதானது என்று அர்த்தம். உங்கள் மகள் பொறியியலோ உயிரியலோ படிக்க விரும்பினால், அந்தக் குழுவில் அதைப் படித்து முடித்தவர் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அவரிடமே பேச வேண்டும்.

ஆய்வக வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு. பயிற்சியும் இரண்டு மணிக்கு. என் ஒன்பது ஆண்டுப் பணியில் பாதி, இந்த ஒரே மோதலைத் தீர்ப்பதில் போனது.

வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் பயிற்சி, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று அறிக்கையில் இருக்கும். விதியும் அதுதான். ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகத்தான் எண்ணப்படும். பயண நேரம் கணக்கில் இல்லை. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கும் நேரமும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவுகளில் எங்கள் படிப்பறையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு உண்மை விளங்கும். எட்டு மணிக்கு நீச்சல் பெண்கள் வருவார்கள். தலை ஈரம் காய்ந்திருக்காது. அறை முழுக்கக் குளோரின் வாடை. ஒரு பெண் தோளில் பனிக்கட்டிப் பையை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றியிருப்பாள். கணக்குப் போடப் போட, உருகிய நீர் முழங்கை வழியாக இறங்கி நோட்டின் ஓரத்தை நனைக்கும். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். காலை ஐந்தரைக்கு மறுபடி குளம். அவள் ஆண்டறிக்கையில் வந்தாள், சிரித்த முகத்தோடு, படிப்பில் சிறந்தோர் பட்டியலில். அவளோடு சேர்ந்து வந்த இன்னொரு பெண்ணுக்கும் தோளில்தான் காயம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேகம் திரும்பவில்லை. "நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அன்பாகச் சொல்லியே மெல்ல மெல்ல ஒதுக்கினார்கள். இரண்டாம் ஆண்டு நடுவில் அவள் குழுவை விட்டுப் போனாள். அவளைப் பற்றி, அவள் பெயர் இல்லாமல், ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்: காயம்பட்டவர்களுக்கு நாம் என்ன செய்யத் தவறினோம் என்று. "இது அறிக்கைக்கு உரியது அல்ல" என்று பதில் வந்தது. நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. அந்த வருத்தம்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

இன்று நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் சில கட்டாயங்கள் வந்துவிட்டன. ஆட்டத் திறன் குறைந்தது, காயம் பட்டது என்ற காரணங்களால் உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. விளையாட்டால் வந்த காயத்துக்கு, மாணவர் வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். முழு உதவித்தொகையில் இருந்தவர் படிப்பை முடிக்காமல் போனால், பத்து ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து முடிக்க வழி செய்ய வேண்டும். இவை காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் மகளுக்கு வரும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு உதவித்தொகை என்று எழுதியிருக்கிறது, காயம்பட்டால் யாரிடம் கேட்பது என்று இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

மனநலத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் கேட்டி மேயர் நினைவுக்கு வருகிறார். ஸ்டான்ஃபோர்டின் பெண்கள் கால்பந்து (சாக்கர்) கோல்கீப்பர், குழுத் தலைவி. 2019 தேசிய இறுதிப் போட்டியில் வட கரோலினாவுக்கு எதிராக இரண்டு பெனால்டிகளைத் தடுத்துப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். 2022 மார்ச் 1 அன்று வளாக விடுதியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் மீது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை ஒன்று நிலுவையில் இருந்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2024இல் கலிபோர்னியா அவர் பெயரால் ஒரு சட்டம் கொண்டுவந்தது: அரசுக் கல்லூரிகளில் ஒழுங்கு விசாரணையை எதிர்கொள்ளும் மாணவர், தனக்குத் துணையாக ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம். வெளியே இருந்து பார்த்தால் அவருக்கு எல்லாமே இருந்தது. அதனால் அறிக்கையில் "மனநல ஆலோசகர்கள்" என்று இருப்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மாணவருக்கு ஓர் ஆலோசகர்? முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பயிற்சியாளருக்குத் தெரியாமல் போக முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான "முடியும்" வராவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். பதினேழு வயதில் கடல் தாண்டிப் போகும் பிள்ளை, அம்மாவிடம்கூட "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்லும்.

பணத்தைப் பற்றி நம் பெற்றோர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, "ஸ்காலர்ஷிப்" என்றால் முழுச் செலவு என்று நினைப்பது. முதல் பிரிவில் பெண்கள் நீச்சலுக்கு நெடுங்காலம் குழுவுக்கு 14 முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு. அதைத்தான் இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கு அரை, ஒருவருக்குக் கால், ஒருவருக்குப் புத்தகச் செலவு மட்டும். 2025-26 முதல், முன்பு சொன்ன சமரச உடன்பாட்டின் ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாகக் குழுவில் 30 பேர் வரைதான் என்று ஆள் வரம்பு வந்திருக்கிறது. முப்பது பேருக்கும் முழுப் பணம் தரலாம் என்பது அனுமதி, கட்டாயம் அல்ல. மேலும் ஆள் வரம்பு என்றால், முப்பத்தோராவது இடத்தில் இருப்பவர் வெளியே. இரண்டாவது, பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமை 2021 ஜூலை முதல் அமெரிக்க மாணவர்களுக்கு உண்டு. ஆனால் மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு அது விசா விதியோடு மோதும் வேலை. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. விடுதிக்கும் உணவுக்கும் வரும் உதவித்தொகைப் பகுதிக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் வரி பிடிப்பதும் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதையும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டாரா வாண்டர்வீர் 2024 ஜனவரியில் 1,203ஆவது வெற்றியைப் பெற்று, கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை யாரும் தொடாத எண்ணைத் தொட்டார். ஏப்ரலில் ஓய்வு பெற்றார். குழுவின் முக்கிய வீராங்கனைகளில் ஒருவர் உடனே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை நம்பிப் போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒரு மனிதரை நம்பிப் போகிறார்கள். அதே 2024இல் ஸ்டான்ஃபோர்டு, நூறாண்டுப் பழக்கமான மேற்குக் கரைக் கூட்டமைப்பு (தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் குழு) சிதறியதால், கிழக்குக் கரையின் கூட்டமைப்பில் சேர்ந்தது. பாஸ்டனுக்கு ஒரு பயணம் என்றால் 4,000 கிலோமீட்டருக்கு மேல். முந்தைய ஆண்டின் அறிக்கையைப் படித்துச் சேர்ந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவு சொன்னதும் அனுப்பாதீர்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் டென்னிஸ் கற்று வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முழுதாக இருந்தார். 2007இல் ஜான் இஸ்னரை வென்றும், மீண்டும் 2008இலும் தேசிய ஒற்றையர் பட்டம் பெற்றார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018இல் முதல் ஆண்டு மாணவராக இருந்தபோதே தேசியப் பட்டம் பெற்றார். மறுபடி 2022இல் பெற்றார். இரண்டு பட்டங்களுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளும் அவரைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடு அங்கே இருந்திருக்கிறது. நான் மதிக்கும் சாதனை அதுதான்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாப் பல்கலைக்கழகங்களும் தங்கள் குழுப் பட்டியலை ஆண்டுவாரியாக இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எத்தனையாவது ஆண்டு மாணவி என்றும் இருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை எடுங்கள். முதலாம் ஆண்டுப் பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். பிறகு அதற்கடுத்தது, பிறகு நான்காம் ஆண்டு. எட்டுப் பெயர் எழுதி ஆறு பெயர் நான்காம் ஆண்டிலும் இருந்தால், பயிற்சியாளருக்கு நல்ல பதில் எழுதுங்கள். மூன்றுதான் மிஞ்சினால், காணாமல் போன ஐந்து பேரில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் யார் என்று பார்த்து, உங்கள் மகளையே அவருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வரும். விட்டுப் போனவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, கேட்டால் சொல்வார்கள்.